ஊர்சுலா மணி தவறாக அடித்த வெள்ளிக்கிழமை

லிண்டென்மார்க், பேராலய மணிக்கூண்டு,
தவக்காலத்து ஐந்தாம் வாரம், புதன்கிழமை.

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய குனிகுண்டா அத்தைக்கும் மாமாவுக்கும், அண்ணன் மகள் ஒட்டீலியா வணக்கத்துடன் எழுதுவது. புனிதர்கள் துணையால் இங்கே எல்லோரும் நலம். அங்கேயும் அவ்வாறே இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

மேலே உள்ள வரியை மன்னிக்க வேண்டும். நாங்கள் நலமாக இல்லை. கன்னியர் பள்ளியில் கடிதத்தின் தொடக்கத்தையும் முடிவையும்தான் கற்றுக்கொண்டேன். நடுப்பகுதி அடுத்த ஆண்டுப் பாடம். அதற்குள் என்னை அரண்மனைச் சலவைக்கு எடுத்துக்கொண்டார்கள். அதனால் தொடக்கத்தை மாற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. நடுவில் வருவதை எனக்கு வந்தபடி எழுதுகிறேன்.

முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன், பிறகு கூச்சம் வந்துவிடும். உங்கள் சேணக் கடைக்கு மேலே உள்ள அறை காலியாக இருக்கிறதா? நாங்கள் மூன்று பேர். அம்மாவின் வாத்துகள் ஆறு. ஏழு இருந்தன, ஏழாவதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், எல்லாமே அதனால் வந்ததுதான். ஈஸ்டருக்கு மறுநாள் நாங்கள் மணிக்கூண்டைக் காலி செய்ய வேண்டும் என்று தீர்ப்பாகிவிட்டது. அப்பா குடித்துவிட்டு மணி அடித்தாராம். அத்தை, உங்கள் அண்ணனை உங்களுக்குத் தெரியும். அவர் திருவிழா நாளில்கூட பீர்க் குவளையை முகர்ந்து பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுப்பவர்.

மாமாவுக்கு எங்கள் ஊர் வழக்கம் புரியாது, உங்கள் ஊரில் மேயர் இருக்கிறார், சபை இருக்கிறது. இங்கே ஆயரும் அரசரும் ஒரே ஆள். காலையில் கோலைப் பிடித்துப் பூசை வைப்பவரே மதியம் வாளை மடியில் வைத்து வழக்குக் கேட்பார். பேராலயத்துக் குருக்கள் ஒன்பது பேர் கூடி அவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர் இறந்தால் ஊர்சுலா அடிக்கும். ஊர்சுலா எங்கள் கூண்டின் பெரிய மணி. வேறு எதற்கும் அது வாய் திறக்காது. ஊர்சுலா அடித்த அந்த நொடியில் அரசு காலி. பேராலயப் படிக்கட்டில் வைத்து அவருடைய முத்திரையைச் சுத்தியலால் உடைத்துவிடுவார்கள். அரண்மனை வேலைக்காரர்களுக்கு ஓர் உரிமை உண்டு: யார் பொறுப்பில் எது இருக்கிறதோ அது அவரவர்க்கு. சமையல்காரருக்குச் செம்புப் பாத்திரம், குதிரைக்காரருக்குக் குதிரை. சம்பளம் குறைவாக இருப்பதற்கே இதுதான் காரணம் என்பார்கள். எல்லோரும் அவர் நீடூழி வாழ வேண்டும் என்று ஜெபம் செய்துகொண்டே பாத்திரத்தை எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் ஆயர் ஆண்டகைக்குத் தவக்காலத்து நான்காம் வாரம் முழுவதும் நெஞ்சுச் சளி. தினமும் காலையில் வெளுத்த துணி கொண்டுபோய் வைப்பது என் வேலை. அவர் பேசினால் நான் தரையைப் பார்ப்பேன். புதன்கிழமை அவர் கேட்டார், "நீதான் மணிக்காரர் ஃபைட்டோட பொண்ணா? யார்கிட்டயும் பேசமாட்டியாமே." நான் தலையாட்டினேன். "நல்லதாப் போச்சு. உங்க கூண்டுக்குக் கீழ வாத்துச் சத்தம் கேக்குது. கண்ணை மூடினா அதுதான் கேக்குது. முப்பது நாளா கெண்டை மீனு. இன்னும் பத்து நாள் போனா எனக்கே செதிள் முளைச்சிடும்."

அவர் கேட்கவில்லை, அத்தை. தவக்காலத்தில் இறைச்சி கேட்டிருந்தால் பாவம் என்று எனக்கும் தெரிந்திருக்கும். வாத்தைப் பற்றிச் சொன்னார், பிறகு ஜன்னலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். மறுநாள் அம்மா கால் ஒடிந்த ஒரு வாத்தை அறுத்து ஈஸ்டருக்கென்று உப்பிட்டு வைத்தாள். வெள்ளிக்கிழமை காலை என் துணிக் கூடையில், தலையணை உறைகளுக்கு நடுவே, வறுத்த கால் ஒன்றும் கொழுப்பு தடவிய கருப்பு ரொட்டியும் போயின. எண்பது வயதை எட்டப்போகிறவர், சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு கையாலும் பிடித்துத் தின்றார். கொழுப்பு வழிந்து அவருடைய கறுப்பு மேலாடையில் கொட்டிவிட்டது.

"ஐயோ, க்ரிஸ்பின் பார்த்தா செத்தேன்," என்றார். க்ரிஸ்பின் அவருடைய அறைக்காவலர். தவக்காலத்தில் முட்டை ஓட்டைப் பார்த்தாலே சிலுவை போடுபவர். நான் கறையைச் சாம்பல் நீரில் தேய்த்துக் கழுவினேன். "வெயில் இருக்கு, அந்த ஜன்னல்ல போடு, சீக்கிரம் காயும்," என்றார் ஆண்டகை. போட்டேன்.

இப்போது நான் சொல்லப்போவது வெள்ளிக்கிழமை காலை எனக்குத் தெரியாது. பதினோரு வருடத்துக்கு முன்னால் ஆண்டகை பட்டத்துக்கு வந்த அன்று, அப்பாவுக்கு ஓர் இரகசிய அடையாளம் சொல்லியிருந்தார்கள்: ஆயர் இறந்தால் படுக்கையறைத் தெற்கு ஜன்னலில் கறுப்புத் துணி தொங்கும். அந்த ஜன்னல் மணிக்கூண்டிலிருந்து மட்டுமே தெரியும். பக்கத்து நாட்டார் சாவை முன்பே அறிந்து முந்திக்கொள்ளக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. அப்பா, க்ரிஸ்பின், தலைமைக் குரு, ஆண்டகை ஆகிய நாலு பேருக்குத்தான் தெரியும். பதினோரு வருடமாக அப்பா தினமும் காலையிலும் மாலையிலும் அந்த ஜன்னலைப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்றால் நன்றி சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுவார். எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆண்டகையோ தம் சாவுக்குத் தாமே வைத்த அடையாளத்தைச் சுத்தமாக மறந்துவிட்டார்.

ஊர்சுலா அடித்தது. ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. ஆண்டகை விரலை நக்கிக்கொண்டே நிமிர்ந்தார்.

"யாரு போயிட்டாங்க?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டே ஒரு தலையணை உறையை மடித்தேன்.

"ஊர்சுலா அடிக்குது. அது எனக்கு மட்டும்தானே அடிக்கும்?" என்று யோசித்தார். பிறகு தன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துக்கொண்டார்.

அதற்குள் கதவு திறந்தது. பொய்முடி சீவுகிறவர் உள்ளே வந்தார். சவத்தை நேராகப் பார்க்கக் கூடாது என்று தலையைத் தாழ்த்தியபடியே தாங்கியோடு பொய்முடியைத் தூக்கிக்கொண்டு, "நல்ல மனுஷன்," என்று மூக்கைச் சிந்திவிட்டுப் போனார். அடுத்து கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறவர் கடிகாரத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு போனார். அது போகும்போதே பத்து அடித்தது. பிறகு இரண்டு பணியாளர்கள் ஏணியோடு வந்து கட்டில் திரையை அவிழ்க்கத் தொடங்கினார்கள்.

"டேய், குளிருதுடா," என்றார் ஆண்டகை.

ஒருவர் ஏணியிலிருந்து விழுந்து மயங்கிவிட்டார். மற்றவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "ஆவியா இருந்தாலும் சரி, அஞ்சு பிள்ளைங்க எனக்கு," என்று சொல்லித் திரையை முழுவதும் அவிழ்த்தே எடுத்துப்போனார்.

விரிப்பு என் பொறுப்பு. உரிமைப்படி எட்டு லினன் விரிப்பும் எனக்குத்தான். ஆனால் ஒன்றின் மேல் அவர் உட்கார்ந்திருந்தார், மற்றதைக் கேட்க எனக்குக் கூச்சம்.

ஆண்டகை ஈரமான மேலாடையை ஜன்னலிலிருந்து இழுத்துப் போட்டுக்கொண்டு, செருப்பு இல்லாததால் வெறுங்காலோடு (அதுவும் ஒருவர் பொறுப்பு) படி இறங்கினார். எலும்பை நான் கூடைக்குள் மறைத்துக்கொண்டு பின்னால் போனேன். அரண்மனை அவ்வளவு பெரியது என்று அன்றுதான் தெரிந்தது, உள்ளே ஒன்றுமே இல்லை. தோட்டக்காரர் ஆரஞ்சு மரத்தைத் தொட்டியோடு உருட்டிக்கொண்டிருந்தார். பாஸ் வயலின் வாசிக்கிறவர் அதை முதுகில் கட்டிக்கொண்டு குன்றில் பாதி தூரம் இறங்கிவிட்டார். சமையலறையில் ஒரு கரண்டிகூட இல்லை. ஆண்டகை கவிழ்த்துப்போட்ட தொட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தார். தலைமைச் சமையல்காரர் கடைசிப் பாத்திரத்தை எடுக்கத் திரும்பி வந்தவர், அவரைப் பார்த்ததும் பாத்திரத்தோடு முழங்காலில் விழுந்தார்.

"எழுந்திரு," என்றார் ஆண்டகை. "இந்தச் சட்டியை நான் உயிரோட இருந்தப்ப இவ்வளவு பளபளன்னு பார்த்ததே இல்லையே."

தலைமைக் குரு ஹார்ட்முட் ஓடி வந்தார். ஓடி வந்தார் என்பது மரியாதைக்காக எழுதுகிறேன், அவர் உடம்புக்கு ஓட முடியாது. அடுத்த ஆயராக வர ஒன்பதில் ஐந்து ஓட்டு அவருக்கு உண்டு என்று ஊரே பேசும். ஆண்டகையைப் பார்த்ததும் அவர் முகம் முதலில் விழுந்தது, பிறகு சரியாகச் சிரித்தது.

"ஆண்டகை உயிரோட இருக்கீங்க. ரொம்ப சந்தோஷம். ஆனா மணி அடிச்சாச்சு, முத்திரையும் உடைச்சாச்சு. சட்டப்படி இடம் காலி."

"அப்ப நான் யாரு?"

"அதைத்தான் ஆலோசிக்கிறோம்."

மதியம் வரை ஆலோசித்தார்கள். செத்தவர் திரும்பி வந்தால் என்ன செய்வது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லையாம். கடைசியில் இப்படி முடிவாயிற்று: ஆயர் பட்டம் தலையில் எண்ணெய் வார்த்துக் கொடுத்தது, அதை யாராலும் எடுக்க முடியாது. அரசர் பட்டம் முத்திரையில் இருக்கிறது, முத்திரை நான்கு துண்டு. பொற்கொல்லர் புதிய முத்திரை வெட்டப் பத்து நாள் கேட்டார். ஆகவே பத்து நாளைக்கு ஆண்டகை ஆயர் மட்டும். ஆட்சி குருக்கள் கையில். அவர் பாவத்தை மன்னிக்கலாம், குற்றத்தை மன்னிக்க முடியாது.

அப்பா செய்தது குற்றம்.

செவ்வாய்க்கிழமை விசாரணை. அம்மா என்னையும் இழுத்துப்போனாள். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். அப்பா சொன்னது ஒன்றே ஒன்று: "கறுப்புத் துணியைப் பார்த்தேன்." க்ரிஸ்பின், தான் தொங்கவிடவில்லை என்று பைபிள் மேல் சத்தியம் செய்தார், அது உண்மைதான். ஜன்னலில் போய்ப் பார்த்தவர்கள் துணியே இல்லை என்றார்கள், அதுவும் உண்மைதான், ஆண்டகை அதைப் போட்டுக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தார்.

"ஃபைட், நெசத்தைச் சொல்லு, எத்தனை குவளை?" என்று ஹார்ட்முட் கேட்டார். கூடத்தில் சிரித்தார்கள். அப்பா தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். அந்தத் தொப்பியை என்னால் பார்க்க முடியவில்லை.

ஆண்டகை ஓரத்தில் சாதாரண விசிப்பலகையில் உட்கார்ந்திருந்தார். அவர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய, அத்தை? வாயைத் திறந்தால் துணி வரும், துணியோடு கறை வரும், கறையோடு வாத்து வரும். தவக்கால வெள்ளிக்கிழமையில் ஆயர் வாத்து தின்றார் என்று தெரிந்தால் ஹார்ட்முட் அன்றே ரோமுக்கு எழுதிவிடுவார், ஆண்டகையை ஏதாவது மடத்து மூலையில் உட்காரவைத்துவிடுவார்கள். வாயைத் திறக்காவிட்டால் அப்பா குடிகாரர். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாழ்நாளில் பேச வேண்டும் என்று நினைத்தது அந்த ஒரு முறைதான். அதற்குள் தீர்ப்பைப் படித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா என்னை அடிக்கவில்லை, "காலு ஒடிஞ்சதோட விட்டிருக்கணும் அந்த வாத்தை," என்று மட்டும் சொன்னாள். அப்பாவிடமும் சொன்னேன். அப்பா எழுந்து போய் அரண்மனைப் பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு, "அப்ப துணி இருந்துச்சு," என்றார். "எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, பாப்பா." வேறு ஒன்றும் கேட்கவில்லை. அன்று நன்றாகத் தூங்கினார்.

இன்று காலை துணி கொண்டுபோனேன். ஆண்டகை கதவைச் சாத்தச் சொன்னார்.

"நேத்து ஏன் சொல்லல?"

"தவக்காலம், ஆண்டகையே."

அவருக்கு நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். "தின்னது நான். வெளியே போறது உங்கப்பா. நானும் அந்தப் பலகைல உக்காந்து சும்மாதான் இருந்தேன். நீ பயந்த புள்ளை, உனக்குக் காரணம் இருக்கு. எனக்கு என்ன காரணம்?" என்றார். பிறகு குருத்து ஞாயிறன்று ஊர் முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதாகச் சொன்னார்.

அம்மா நம்பவில்லை. பெரியவர்கள் காய்ச்சலில் கொடுக்கிற வாக்கு, சளி போனதும் போய்விடும் என்கிறாள். பாத்திரங்களை வைக்கோலில் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். ஆகவே அறையைக் கூட்டி வையுங்கள். வாத்துகள் மாடிப்படி ஏறும், எங்கள் கூண்டில் பழகியவை.

மாமாவின் ஊசிக்கும் உங்கள் அடுப்புக்கும் குறை வராதிருக்கட்டும். காவல் தூதர் உங்கள் வாசலில் நிற்கட்டும், நாங்கள் வரும்போது கொஞ்சம் விலகி வழிவிடட்டும்.

என்றும் கீழ்ப்படிதலுள்ள
ஒட்டீலியா

பின்குறிப்பு: ஆற்றில் வெள்ளம், வண்டிக்காரர் வரவே இல்லை, கடிதம் இரண்டு வாரத்துக்கு மேல் என் கூடையிலேயே கிடந்தது. இன்று ஈஸ்டருக்கு அடுத்த வாரம் வெள்ளி. மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள். நாங்கள் வரவில்லை. அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

ஆண்டகை சொன்னபடி செய்தார். குருத்து ஞாயிறன்று கையில் குருத்தோடு மேடையேறி, "நான் தவக்காலத்துல வாத்து தின்னேன். ஒரு சின்னப் பொண்ணோட கூச்சத்துக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன். ஒரு நல்ல மனுஷனைக் குடிகாரன்னு சொல்ல விட்டேன். கறுப்புத் துணி தொங்கிச்சு. தொங்கவிடச் சொன்னது நான்," என்றார். பிறகு ரொட்டிக் கடைக்காரர் மனைவி சத்தமாக, "ஒரு காலுதானே ஆண்டகையே," என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள், ஆண்டகையும் சிரித்தார், அப்பா மட்டும் தொப்பியில் முகத்தை வைத்துக்கொண்டார். ஹார்ட்முட் ரோமுக்குக் கடிதம் எழுதியது உண்மை. ஆனால் கையெழுத்துப் போட மற்ற எட்டுக் குருக்களும் தயங்கினார்களாம். எட்டு வீட்டிலும் சமையலறை உண்டு. அந்த வாரமே பொருள்களெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன, யாரும் கேட்கவில்லை. கட்டில் திரை துவைத்து வந்தது. பாஸ் வயலின் மட்டும் குன்றடியிலேயே இருக்கிறது, ஏற்ற முடியவில்லை.

திங்கள்கிழமை புதிய முத்திரை வந்தது. முதல் தாளில் அப்பாவின் தீர்ப்பை ரத்து செய்தார். ஹார்ட்முட் வாசித்துவிட்டு, "ஆண்டகை இருக்கற வரைக்கும் செல்லும்," என்று பணிவாகச் சொன்னார். ஆண்டகை அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இரண்டாவது தாள் எழுதச் சொன்னார்: ஆண்டகையின் சொந்த வாக்கு வந்தாலொழிய ஊர்சுலாவை யாரும் அடிக்கக் கூடாது.

ஈஸ்டர் அன்று அம்மா இன்னொரு வாத்தை வறுத்து முறையாகத் தட்டில் வைத்து அனுப்பினாள். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "அன்னைக்கு இருந்த ருசி இல்லை," என்றார். வெறுங்காலோடு நடந்த நாளிலிருந்தே சளி இறங்கவில்லை. அன்று மாலை என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "நான் போனா முத்திரையை உடைச்சிடுவாங்க. என் தாளு உங்கப்பாவைக் காப்பாத்தாது. ஹார்ட்முட் கையெழுத்துதான் காப்பாத்தும். அவன் போடற வரைக்கும் என் வாக்கு உன்கிட்ட இருக்கட்டும். போட்டதும் அந்த மேலாடையைத் தொங்கவிடு, அதுதான் என் வாக்கு. நீதான் யார்கிட்டயும் பேசமாட்டியே."

செவ்வாய்க்கிழமை விடியும்போது போய்விட்டார். க்ரிஸ்பின் கறுப்புத் துணி தொங்கவிட்டார். அப்பா அழுதார், ஆனால் கயிற்றைத் தொடவில்லை. முத்திரை போட்ட தாளைச் சுவரில் ஆணியடித்து வைத்திருந்தார். மணி அடிக்காததால் முத்திரையை உடைக்க முடியவில்லை, தேர்தல் இல்லை, யாரும் ஒரு கரண்டியைக்கூட எடுக்க முடியவில்லை. ஆண்டகை சிற்றாலயத்தில் மெழுகுவத்திகளுக்கு நடுவே படுத்தபடி மூன்று நாளாக ஆட்சி செய்துகொண்டிருக்கிறார்.

ஹார்ட்முட் எங்கள் இருநூற்றுப் பதினான்கு படியையும் ஐந்து முறை ஏறினார். முதல் நாள் மிரட்டினார். இரண்டாம் நாள் கும்பிட்டார். அப்பா ஒவ்வொரு முறையும் தண்ணீர் கொடுத்து, "ஆண்டகை வந்து சொல்லட்டுங்க," என்றார். இன்று காலை மேல்படியில் உட்கார்ந்துகொண்டு, மூச்சு வராமல், "உனக்கு என்னதான்யா வேணும்?" என்று கேட்டார். அப்பாவுக்கு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. அப்பாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து, "கூண்டு. அப்பா சாகற வரைக்கும். உங்க கையெழுத்துல," என்று ஒரு குரல் வந்தது. அது என் குரல்தான், அத்தை. இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். குருக்கள் ஒன்பது பேரும் கையெழுத்திட்ட தாள் மதியமே வந்துவிட்டது.

மேலாடை இப்போது என் கூடையில் இருக்கிறது. தோள் ஓரத்தில் கறை கொஞ்சம் மிச்சம், அது போகாது. மதியத்திலிருந்து இரண்டு முறை அந்த ஜன்னல் வரை போய்விட்டுத் திரும்பிவிட்டேன். தொங்கவிடுவேன், வாக்கு கொடுத்திருக்கிறேன், அதைப் பார்த்ததும் ஊர்சுலாவை அடிக்க அப்பாவிடம் சொல்லியும் விட்டேன். வண்டிக்காரர் கீழே காத்திருக்கிறார், கடிதத்தை மூட வேண்டும். வெயில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அது இறங்கும் வரை அவரே அரசராக இருக்கட்டும்.